மணலில் புதைந்த மோட்டார்



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வருகின்ற நெடுஞ்சாலை பெரகலச் சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் மேலேறிச் செல்கின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. சந்தியிலே சற்று நின்ற பஸ் வண்டி, முதற் கியரில் உறுமிக்கொண்டு ஹப்புத்தளை ஏற்றத்தைத் தொடங்கும் ஓசை, சுற்றியுள்ள தோட்டத்து மக்களுக்கு மணிக்கூட்டின் ஓசை போன்றது. அதைக் கேட்டே அடுப்பு மூட்டியவர்களும், பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பியவர்களும் உண்டு.

அந்த வண்டிகளிற் பலவற்றின் முகப்பில் நெடுங்காலம் காணப்பட்ட பெயர் லேலண்ட். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், அப்பெயர் மலைநாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவிற்று. பிற்காலத்தில் சென்னையை அடுத்த எண்ணூரிலே பிறந்த அசோக் லேலண்ட் வண்டிகள் வந்தன; 1982இல் லங்கா அசோக் லேலண்ட் என இந்நாட்டிலேயே ஒரு நிறுவனமும் அமைந்தது. பெயரைப் படித்தவர் பல்லாயிரவர். ஆயினும், அந்த லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த ஒருவர், தரையிலே உலகில் எவரினும் விரைவாகச் சென்ற மனிதர் என்னும் பெயரை ஒருகாலத்தில் தாங்கியவர் என்பதையும், அவரது வண்டி நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடற்கரை மணலிற் புதைந்துகிடந்து மீண்டும் வெளிவந்தது என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே. அவ்வண்டியின் பெயர் பாப்ஸ். அதன் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

மோட்டார்ப் பந்தயம் மலைநாட்டாருக்குப் புதியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரில் மாதம் வந்தால் தேயிலைச் சரிவுகளின் விளிம்பிலே நின்று வண்டிகள் வளைவில் திரும்புவதைப் பார்ப்பது மலைநாட்டு வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. அதன் மகிழ்ச்சியைப் போலவே அதன் விலையும் இப்பகுதி அறிந்ததுதான். பெரகலைக்கு மேலே, தியத்தலாவைப் பந்தயத் திடலில் 2024 ஏப்ரில் 21ஆம் திகதி ஒரு வண்டி தடம் விலகிக் கூட்டத்துள் பாய்ந்தபோது ஏழு உயிர்கள் போயின. வேகத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதன் பலியைப் பற்றியும் பேசாதிருத்தல் இயலாது. பாப்ஸ் வண்டியின் கதையும் சாவிலே தொடங்கிச் சாவின் ஊடாகவே செல்வது.

இவ்வண்டியை முதலில் ஆக்குவித்தவர் லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற இளங் கோமகன். இங்கிலாந்தில் கன்ரபரி நகருக்கு அருகே ஹையம் என்ற மாளிகையில் வாழ்ந்த பெருஞ் செல்வர். இவருடைய தந்தையார் 1903இல் பிரான்சிலே, லா தூர்பி என்னுமிடத்தில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் பாறையில் மோதி இறந்தவர். மகனுக்கு அந்த மோகம் தணியவில்லை, பன்மடங்காகிற்று. விமானங்களுக்கென்று செய்த மாபெரும் இயந்திரங்களை மோட்டார் அடிச்சட்டத்தின்மீது ஏற்றி ஓட்டுவதே அவரது விளையாட்டு. முன்னர் அவர் இவ்வாறு செய்த வண்டிகளின் பெயரைக் கொண்டே, 1964இல் வெளிவந்த சிறுவர் நூலொன்றிற்கு இயன் பிளெமிங் 'சிட்டி சிட்டி பாங் பாங்' எனப் பெயரிட்டார்.

ஹையம் மாளிகையில் அவர் கடைசியாகச் செய்வித்த வண்டி எல்லாவற்றிலும் பெரியது. அதன் இயந்திரம் அமெரிக்கர் முதலாம் உலகப் போரின்போது, 1917இல், போர் விமானங்களுக்காக வரைந்த லிபர்ட்டி இயந்திரம். பன்னிரண்டு சிலிண்டர்கள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். கொள்ளளவு 27 லீற்றர். மலைப்பாதையில் ஓடும் நம் பஸ் வண்டியின் இயந்திரம் ஆறு லீற்றருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அத்தகைய நான்கு பஸ்களின் இயந்திரங்களை ஒன்றாகக் கட்டினாலும் இதற்கு ஈடாகாது. வலுவோ நானூற்றைம்பது குதிரைவலுவுக்குக் குறையாதது. அவ்வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கியர்ப் பெட்டி பழைய பென்ஸ் பந்தய வண்டியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலிருந்து இருபுறமும் இரண்டு கனத்த சங்கிலிகள் பின்சக்கரங்களைச் சுழற்றும். துவிச்சக்கர வண்டியின் சங்கிலியை நூறு மடங்கு பெருக்கிக் கற்பனை செய்தால் ஒருவாறு விளங்கும். ஓட்டுபவரின் இருக்கைக்கு இருமருங்கிலும் அச்சங்கிலிகள் பறந்துகொண்டிருந்தன என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் எழுந்த ஒரு பெரும் வழக்குக்கு அச்சங்கிலியே காரணம்.

1924 ஒக்டோபரில், இத்தாலியில் மொன்சா பந்தயத்தின்போது ஸ்பொரோவ்ஸ்கி மரத்தில் மோதி உயிர்நீத்தார். வண்டி விலைக்கு வந்தது. நூற்றிருபத்தைந்து பவுண் கொடுத்து அதனை வாங்கியவர் ஜோன் கொட்பிரி பாரி தோமஸ்.

1885இல் வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரிற் பிறந்தவர் தோமஸ். செல்வத்தால் வந்த பந்தயக்காரரல்லர். கற்று முன்னேறிய பொறியியலாளர். லேலண்ட் நிறுவனத்துக்காக எட்டுச் சிலிண்டர் கொண்ட உயர்தர மோட்டார் வண்டியொன்றை அவர் வகுத்தார். 1920இல் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது அதன் விலையைக் கேட்டே பலர் பின்வாங்கினர். மிகச் சிலவே விற்றன. லேலண்ட் நிறுவனம் லொறியும் பஸ்ஸுமே தன் தொழிலென்று அமைதிகொண்டது. நம் மலைப்பாதைகளின் நற்பேறு அதுவெனலாம். தோமஸ் அங்கிருந்து விலகி, இலண்டனுக்குத் தென்மேற்கே 1907இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலின் உள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியேறினார். பட்டறையும் அங்கேயே. ஐந்து பந்தயப் பருவங்களில் அவர் வென்ற போட்டிகள் முப்பத்தெட்டு. பந்தயக்காரர் தோற்ற்றுவிக்கும் ஆரவாரம் அவரிடம் இல்லை. பின்னலிட்ட கம்பளிச் சட்டையோடு ஓட்டுவார், ஓட்டி முடிந்ததும் கையில் சாவியும் திருகாணியுமாக வண்டிக்குக் கீழே போய்விடுவார்.

வாங்கிய வண்டியை அவர் திருத்தியமைத்தார். தாமே வகுத்த பிஸ்டன்களைப் பொருத்தினார். நான்கு கார்புரேட்டர்களை வைத்தார். காற்று வழுகிச் செல்லத்தக்க நீண்ட உடற்கூட்டை அமைத்தார். பாப்ஸ் எனச் செல்லப்பெயரும் இட்டார்.

அக்காலத்தில் தரைவேகச் சாதனைக்கு உகந்த இடமெனப் பிரித்தானியர் கண்டது வேல்ஸ் நாட்டின் தென்கரையிலுள்ள பென்டைன் கடற்கரை. ஏறத்தாழ ஏழு மைல் நீளம். அலை வற்றியபின் மணல் இறுகிக் கிடக்கும். ஆயினும் அது பந்தயத் திடலன்று, கடலுக்குச் சொந்தமான நிலம். அலை திரும்புமுன் ஓட்டத்தை முடித்துவிடவேண்டும். ஈரம் மிகுந்தால் சக்கரம் புதையும். காய்ந்தால் மணல் பறந்து கண்ணை மறைக்கும். விதியின்படி ஒரே தொலைவை இரு திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியையே வேகமாகக் கொள்வர். 1926 ஏப்ரில் 27ஆம் திகதி தோமஸ் மணிக்கு 169.30 மைல் வேகத்தில் ஓடிச் சாதனையைத் தமதாக்கினார். மறுநாள் அதையும் தாண்டி 171.02 மைல், அதாவது 275 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒரு மைலைக் கடக்க இருபத்தொரு நொடி! பெரகலையிலிருந்து ஏறும் பஸ் வண்டி அந்நேரத்தில் ஒரு வளைவைக்கூட முற்றாகத் திரும்பியிராது.

1927 பெப்ரவரி 4ஆம் திகதி, அதே கடற்கரையில் மல்கம் கம்பல் தமது நீலப்பறவை வண்டியில் 174.88 மைல் வேகத்தில் ஓடினார். நான்கு மைல் வித்தியாசந்தான். தோமஸ் ஒரு மாதத்துக்குள் பாப்ஸை மீண்டும் பென்டைனுக்குக் கொண்டுவந்தார். மார்ச் 3ஆம் திகதி ஓட்டத்தின் நடுவே வண்டி நிலைகுலைந்து புரண்டு மணலில் நெடுந்தூரம் இழுபட்டு நின்றது. தோமஸ் அவ்விடத்திலேயே இறந்தார். தலையில் நேர்ந்த கொடுங்காயமே முடிவுக்குக் காரணம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. தரைவேகச் சாதனையை நாடி ஓடுகையில் உயிரிழந்த முதல் ஓட்டுநர் அவரே. அம்மாதம் முடியுமுன், அமெரிக்காவின் டேற்றோனா கடற்கரையில் ஹென்றி சீக்றேவ் மணிக்கு இருநூறு மைலையும் கடந்துவிட்டார். எந்த நான்கு மைலுக்காகத் தோமஸ் இறந்தாரோ, அந்த நான்கு மைல் சில வாரங்களிற் பொருளற்றதாயிற்று.

அவரது உடலைப் புரூக்லண்ட்ஸுக்கு அருகே, பைபிளீட் ஊர்த் தேவாலயத்தில் அடக்கஞ் செய்தனர். வண்டியை என்ன செய்வது? துயருற்ற நண்பர்கள் அதனை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பவில்லை, விற்கவும் மனமில்லை. பென்டைன் மணல்மேட்டிலேயே குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டனர். இறந்தவனுடைய பொருளை மண்ணுக்குக் கொடுத்துவிடும் இவ்வழக்கம் நமக்கு அந்நியமன்று. ஆதிச்சநல்லூரிலும், நம் நாட்டுப் பொம்பரிப்பிலும், தாழிகளில் எலும்போடு கலங்களையும் வைத்துத்தானே பண்டையோர் புதைத்தனர்? இருபதாம் நூற்றாண்டின் பொறியியலாளருக்கு அவரது நண்பர்கள் செய்ததும் அதுவே.

வண்டி மண்ணுக்குள் போயிற்று. ஆனால் அதனோடு ஒரு கதை மண்ணுக்கு மேல் தங்கிவிட்டது. ஓட்டத்தின்போது வலப்புறச் சங்கிலி அறுந்து சாட்டையைப் போல் மேலெழுந்து தோமஸின் தலையைத் தாக்கிற்று என்பதே அக்கதை. செய்தித்தாள்கள் எழுதின, நூல்கள் அதை எடுத்து வழங்கின, ஐம்பது ஆண்டுகள் உலகம் அதையே நம்பிற்று. இதில் மற்றொரு நுட்பமும் அடங்கியிருக்கின்றது. வண்டியை ஆக்கியவர் இறந்தார், திருத்தியவரும் இறந்தார், மறுமொழி சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவ்வண்டி. அச்சாட்சியையோ அன்பின் மிகுதியால் புதைத்துவிட்டார்கள்.

அதனைத் தோண்டியெடுக்கவேண்டும் என்று எண்ணியவர் செல்வரல்லர், பந்தய வீரருமல்லர். வட வேல்ஸின் பாங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த விரிவுரையாளர், ஓவென் வின் ஓவென் என்பவர். வண்டி கிடந்த இடம் அக்காலத்திற் படையினரின் ஆயுதப் பரிசோதனை நிலத்துக்குள் அடங்கியிருந்ததால், முதலில் அனுமதி பெறவேண்டியிருந்தது. எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. இறந்தவரின் நினைவாகப் புதைத்ததைத் தோண்டுவது கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பாகாதா என்ற கேள்வி எழுந்தது. எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது. நம் ஊரிலும் ஒருவர் அவ்வாறு கேட்டிருந்தால் பாதிப்பேர் அவர் பக்கம் நின்றிருப்பர். ஆனால் தோமஸ் அங்கே உறங்கவில்லை. அவர் பைபிளீட்டில் இருந்தார். மணலுக்குள் கிடந்தது அவர் கைவேலை. கைவேலையை உப்புநீர் தின்னவிடுவதுதான் மரியாதையா, கண்ணுக்குத் தெரிய வைப்பது மரியாதையா என்று எதிர்க்கேள்வி கேட்கவும் இடமிருந்தது. 1969இல் ஓவென் தோண்டினார்.

மேலே வந்ததைப் பார்த்தவர்கள் அதை வண்டியென்று சொல்லத் தயங்கியிருப்பர். துருவேறிய, மணல் அப்பிய, உருக்குலைந்த ஓர் இரும்புக் குவியல். கனத்த உருக்குப் பாகங்கள் காலத்தைத் தாங்கியிருந்தன. மெல்லிய உலோகத் தகடாலான உடற்கூட்டையோ உப்பு பெரிதும் அரித்துவிட்டது. உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்து கிடந்தால், அலுமினியமே முதலில் கரையும். அது இயற்கையின் கணக்கு. கடலோரத்து வீடுகளிற் கதவுக் கீல்கள் படும் பாட்டை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

இனித் தொடங்கியதே உண்மையான வேலை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது நீடித்தது. பகலிற் கற்பித்தலும், ஓய்வு நேரத்திற் கொட்டகையுமாக அவ்வாசிரியர் உழைத்தார். இறுகிப்போன திருகாணிகள் ஒவ்வொன்றையும் முறியாமற் கழற்றவேண்டும். முறிந்தால் துளையிட்டு எடுத்துப் புதிய மரை வெட்டவேண்டும். வளைந்ததை நிமிர்த்தலாமா, நிமிர்த்தினால் வெடிக்குமா என்று ஆராயவேண்டும். வரைபடமில்லாத பாகத்தை அதன் எச்சத்தையே அளந்து மீண்டும் செய்யவேண்டும். லிபர்ட்டி இயந்திரங்கள் ஒருகாலத்தில் பல்லாயிரக்கணக்கில் உற்பத்தியாகியிருந்தமையால் மாற்றுப் பாகங்கள் எங்கேனும் கிடைத்தன. தோமஸ் தாமே வகுத்தவற்றுக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

இவ்வகை வேலையின் அருமையை ஊவாத் தோட்டங்களில் எவருக்கும் அதிகம் விளக்கவேண்டியதில்லை. ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பத்தென்னையில் 1890இல் லிப்டன் கட்டுவித்த தொழிற்சாலை இன்னும் நிற்கின்றது. அத்தகைய பழைய தொழிற்சாலைகளில் கொழுந்து அரைக்கும் ரோலர்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடச் செய்தவர்கள் யார்? சீமையிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை கொழுந்து காத்திராது. ஆகவே தோட்டத்துப் பிற்றரே பாகத்தைக் கடைந்தார். தேய்ந்த இடத்திற்கு உலோகம் ஊற்றினார். காதை இயந்திரத்தில் வைத்துக் கேட்டே குறை எங்கென்று சொன்னார். அவர்களுடைய பெயர் எந்தக் காட்சிசாலையிலும் எழுதப்படவில்லை. பாப்ஸை உயிர்ப்பித்த கையும் அவர்களுடைய கையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். இத்தனை பாகங்களை மாற்றியபின் அது பழைய பாப்ஸ் தானா? தோமஸ் தொட்ட உடற்கூடு போய்விட்டது. புதிய தகடு அடித்தாயிற்று. கோயில் திருப்பணிக்கும் இதே வினாவை எழுப்பலாம். கோபுரத்துச் சுதைகள் உதிர்ந்தபின் புதிதாகச் செய்து குடமுழுக்கு ஆட்டுகின்றோம். அதனால் வேறு கோயில் என்று எவரும் சொல்வதில்லை. எனினும், திருப்பணி என்ற பெயரில் பழைய கல்வெட்டுகளை உளியாற் செதுக்கி அழித்தவர்களும் உண்டல்லவா? புதுப்பிப்பவன் அழிப்பவனாவதற்கு வெகுநேரம் வேண்டியதில்லை. ஓவென் பின்பற்றிய நெறி, எஞ்சியதை முடிந்தமட்டும் காத்து, இல்லாததை மட்டுமே இட்டு நிரப்புவது. பளபளப்பான புது வண்டியாக்கி விடவேண்டும் என்ற ஆசை அவரை வென்றிருந்தால் ஒரு பெரும் பொருள் இழந்து போயிருக்கும்.

அப்பொருள் யாதெனில், அந்தச் சாட்சி. துருவை நீக்கிப் பாகங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து ஆராய்ந்தபோது, உலகம் நம்பிய சங்கிலிக் கதை ஆட்டங்கண்டது. சங்கிலி அறுந்தது விபத்தின் காரணமன்று, விளைவாகவே இருக்கலாம். வலப்புறப் பின்சக்கரமே முதலிற் சிதைந்தது. வண்டி கவிழ்ந்து இழுபட்டமையே தோமஸின் காயத்துக்குக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. வண்டியின் மொழியை வாசிக்கத் தெரிந்தவர் அகப்படும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் அம்மறுமொழி மணலுக்கடியிற் காத்திருந்தது.

இந்த வேறுபாடு அற்பமானதென்று சிலர் கருதலாம். எவ்வாறாயினும் அவர் இறந்தாரன்றோ என்பர். அப்படியன்று. திறந்த சங்கிலிகளை இருமருங்கும் ஓடவிட்டு அவற்றின் நடுவே அமர்ந்தார் என்றால், பொறியியலாளராகிய தோமஸ் கண்முன் தெரிந்த ஆபத்தைக் கவனியாத பிழையைச் செய்தார் என்றாகும். அப்பழியைச் சுமந்தபடியே அவர் பெயர் நூல்களில் நின்றது. சக்கரம் அவ்வேகத்திற் சிதைந்தது என்றால், அக்காலத்துச் சக்கரங்கள் எந்த எல்லைவரை தாங்கும் என்பதை எவரும் அறியாதிருந்த நிலையில், அந்த எல்லைக்கு முதலிற் போனவர் அவர் என்றாகும். ஒரு மனிதரின் பெயரைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே தூரம் பெரிது. அவருடைய துணைவராகப் புரூக்லண்ட்ஸில் உழைத்த றீட் ரெயில்ற்றன் பின்னர் மல்கம் கம்பலுக்கும், ஜோன் கொப்புக்கும் சாதனை வண்டிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று 1947இல் மணிக்கு 394 மைல் வேகத்தை எட்டியது. தோமஸின் பட்டறையிற் பயின்ற கை அது.

பாப்ஸ் இன்று நிற்கும் பொம்மையன்று. திருத்தம் முடிந்தபின் தன் சொந்த இயந்திரத்தின் வலுவாலேயே பொதுமக்கள் முன்னிலையில் மீண்டும் ஓடிக் காட்டியது. 1996இல் பென்டைன் கடற்கரையோரத்தில் வேகத்தின் வரலாற்றுக்கென ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. 2023இல் அதன் இடத்தில் புதிய காட்சிசாலை எழுந்தது. பழைய காட்சிசாலை இருந்த காலத்தில் வண்டி கோடையைப் பென்டைனிலும், ஆண்டின் மற்றப் பகுதியைப் புரூக்லண்ட்ஸிலும் கழிப்பது வழக்கம். புரூக்லண்ட்ஸில் அது நிற்கும் மாதங்களில், தோமஸ் அடக்கமாயிருக்கும் பைபிளீட் தேவாலயத்துக்கும் அதற்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான்.